சொர்ணவேலின் இடக்கை

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மலையிலிருந்து இறங்கிய சாரல் எங்கள் ஊர்த் தெருக்களை நனைத்தும் நனைக்காமலும் போய்க்கொண்டிருந்த காலை ஏழு மணிக்கு, எங்கள் கச்சேரிக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் சொர்ணவேல் இடக்கையால் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, போதும் என்று அவன் நினைத்தான், இடக்கை நினைக்கவில்லை. அது தன் பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தது. பிறகு பிரஷ்ஷைக் குழாயில் அலசி டம்ளரில் வைத்தது. அதே டம்ளரில் ஒன்பது மாதமாக யாரும் தொடாமல் காய்ந்து நின்ற இன்னொரு பிரஷ்ஷையும் எடுத்து அலசி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுச் சும்மா தொங்கிக்கொண்டது. துண்டை எடுக்கச் சொர்ணவேல் அதைக் கூப்பிட்டான். வரவில்லை. வலக்கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு முப்பிடாதி கடைக்கு டீ குடிக்கப் போனான்.

"கை தனியா போயிட்டு," என்றான்.

முப்பிடாதி பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கை தோளில்தான் இருந்தது. விரல்கள் மட்டும் பெஞ்சுப் பலகையின் ஈரத்தைத் தடவிக்கொண்டிருந்தன.

"எந்தக் கை அண்ணாச்சி?"

"இடது."

"அப்போ பரவால்ல. வலதுன்னா சாப்பாட்டுக்குக் கஷ்டம்," என்று சொல்லிவிட்டு அவன் டீயை ஆற்றினான்.

எங்கள் ஊர் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் என்றால் ஏன், எப்படி, எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று நோண்டுவார்கள். இதில் நோண்ட என்ன இருக்கிறது? ஒருவன் ஒன்பது மாதம் பகலெல்லாம் உட்கார்ந்து தன் கையைப் பார்த்து நீ தனி, நீ தனி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது தனியாகத்தான் போகும். பெற்ற பிள்ளைகளே போகின்றன.

அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். டிரம்ஸ் என்பது நாலு பேர் வேலையை ஒருத்தன் உட்கார்ந்து செய்வது. வலக்கை மேலே தட்டில் நடக்க வேண்டும், இடக்கை மடியருகே இருக்கிற சின்ன மத்தளத்தில் வெட்ட வேண்டும், வலது கால் பெரியதை உதைக்க வேண்டும், இடது கால் ஜோடித் தட்டைத் திறந்து மூட வேண்டும். செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் இதற்குப் பாடம் நடத்தினான். கையும் காலும் நான்கு ஆட்களாக ஆகிவிட வேண்டும், ஒருவர் செய்வது அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றான். சொர்ணவேலுக்கு இங்கிலீஷ் அரைகுறை, அர்த்தம் சொன்னது நான். நான் தங்கதுரை, அதே குழுவில் கீபோர்டு. அவன் மர நாற்காலியில் பழைய ஸ்கூட்டர் டியூபை இழுத்துக் கட்டி, வலக்கைக்கு நான்கு, இடக்கைக்கு மூன்று, காலுக்கு இரண்டு என்று பிரித்துக் கொடுத்து, காலையில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அடித்தான். பூட்டை இடக்கையால் திறந்தான், சட்டைப் பித்தானை இடக்கையால் போட்டான், வெங்காயம் உரித்தான், தலை சீவினான், சுவரில் ஆணி அடித்தான். சாப்பிட மட்டும் அதை விடவில்லை. அதற்கு எந்த வெள்ளைக்காரன் சொன்னாலும் எங்கள் ஊரில் ஒப்ப மாட்டார்கள்.

பெண்டாட்டி செத்தவன், எதையாவது பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளட்டும் என்று ஊர் விட்டுவிட்டது. அவன் எதற்காகப் பழகினான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

போன புரட்டாசியில் பக்கத்து ஊரில் தசராக் கச்சேரி. பத்துப் பாட்டை ஒன்றோடொன்று கோத்து நிறுத்தாமல் வாசிக்கிற இருபது நிமிஷம் ஒன்று எங்கள் கச்சேரியில் உண்டு, ஜனங்கள் அதற்காகத்தான் வருவார்கள். அந்த இருபது நிமிஷத்தில் டிரம்ஸ்காரனுக்கு மூக்கு அரித்தால் சொறியக் கை கிடையாது. ஏழே முக்கால் மணி இருக்கும், சொர்ணவேலின் சட்டைப் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. பாட்டு நான்கு நான்காய்ப் போய்க்கொண்டிருக்க, போன் மூன்று மூன்றாய் அதிர்ந்தது. மற்றவர்களுக்கு அது அழைப்பு. நெஞ்சின் மேல் ஒரு கணக்கு அதிர்ந்தால் டிரம்ஸ்காரனுக்கு அது அழைப்பு இல்லை, அடி. அவன் இடக்கை அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு நான்கின் மேல் போட்டது. கூட்டம் ஒரு கணம் தடுமாறி, பிறகு தொண்டை கிழியக் கத்தியது. வெள்ளைச் சட்டைக்குள் போன் நீலமாக மினுங்கியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சிரித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டி, அதே மூன்றுக்கு என் பங்குக்கும் சுரம் வைத்தேன். இன்னும் இரண்டு முறை அதிர்ந்ததாம், பிறகு அவன் சொன்னான். எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

கூப்பிட்டது உலகம்மாள், அவன் மனைவி. வீட்டில் தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கூப்பிட்டிருக்கிறாள். எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி உறைமோர் கேட்கப் போய்ப் பார்த்தாள். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மதுரையில் நர்ஸிங் படிக்கிற மகள் சௌந்தரி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அம்மாவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"அம்மா உங்களக் கூப்பிட்டிருக்கா. போன் எங்கப்பா இருந்துச்சு?"

"பேக்ல இருந்துச்சு. மேடைக்குப் பின்னால."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் அப்பா தோளில் முகத்தை வைத்து, மூச்சு முட்டும்வரை அழுதாள். அவன் அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. மிளகாயைக் கடித்தால் உறைக்கவில்லை என்றான். ஐப்பசியில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன், அருவிக்கு அடியில் நின்றுவிட்டு வந்து, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, விழுந்தது தெரியவில்லை என்றான். அவனுக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சியது அந்தப் பெண் ஒருத்திதான். தினமும் சாயங்காலம் போன் செய்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள், மாதம் ஒருமுறை வந்து துணிமணி துவைத்துப் போட்டுவிட்டுப் போவாள். அவளுக்கு உண்மை தெரிந்தால் அந்த போனும் நிற்கும், அந்த வரவும் நிற்கும். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"ஒரு கை சும்மா இருந்திருந்தா எடுத்திருப்பேம்லா," என்று ஒரு தடவை சொன்னான். "மூணு வாசிக்கட்டும். ஒண்ணு சும்மா இருக்கட்டும். அதுக்குத்தான் பழகுதேன்."

இனி எடுக்க வேண்டிய போன் எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கை தனியாகப் போன பிறகு ஊர் முதலில் அதற்கு ஒரு மரியாதையை ஏற்பாடு செய்தது. வாடா போடா என்று ஒரு கையைச் சொல்ல முடியாது, அது என்று சொன்னால் வருத்தப்படும், ஆகவே சின்னவர் என்று கூப்பிட்டோம். முப்பிடாதி கடையில் இரண்டு டீ வந்தது. சின்னவர் குடிக்க மாட்டார், சூடு ஆறும்வரை கிளாஸைப் பிடித்துக்கொண்டிருப்பார், உள்ளங்கை சிவந்து போகும், சொர்ணவேலுக்கு ஒன்றும் தெரியாது, அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். ரேஷன் கடையில் அவன் இடது கட்டைவிரல் ரேகை சேரவில்லை என்று மெஷின் சொன்னது. வேறு ஆள் விரலைக் கொண்டுவந்தால் எப்படிச் சேரும் என்று கடைக்காரர் கேட்டார், அதுவும் நியாயம்தானே. கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் அவனுக்கு ஒன்றும் சின்னவருக்கு ஒன்றுமாக இரண்டு வைத்தார்கள். ஒன்று வைத்துவிட்டு ஒன்று விட்டால் மனஸ்தாபம் என்று பெரிய வீட்டார் சொல்லி, அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் இடக்கையால் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், இடக்கையால் வாங்கினால் கொடுக்க மாட்டார்கள். கால் கழுவுகிற கை அது. அம்மன் கோயிலில் சின்னவர் திருநீற்றுக்கு நீண்டபோது பூசாரி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சன்னதியில் நின்ற அத்தனை பேரும் பேச ஆரம்பித்தார்கள். அவர் இடக்கைதானே என்றார் ஒருவர். யாருக்கு இடக்கை, சொர்ணவேலுக்கு அல்லவா, அவருக்கு அவர் இடதா என்றார் இன்னொருவர். ஒரே கை உள்ளவன் எந்தக் கையால் வாங்குவான், அந்தக் கைதானே அவனுக்குச் சோற்றுக்கை என்றாள் பூ விற்கிறவள். பூசாரி கண்ணை மூடி யோசித்துவிட்டு, இவர் தனியாள், இவருக்கு இவரே வலது என்று தீர்ப்புச் சொல்லி உள்ளங்கையில் திருநீற்றைப் போட்டார். சின்னவர் அதைக் கொண்டுபோய்ச் சொர்ணவேலின் நெற்றியில் பூசாமல், வீட்டுக்கு வரும்வரை பொத்திக்கொண்டே வந்து, மாடத்தில் இருந்த உலகம்மாளின் குங்குமச் சிமிழுக்குள் போட்டு மூடினார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாதென்பார்கள். எங்கள் ஊரில் இடக்கை செய்ததெல்லாம் ஊருக்கே தெரிந்தது, அந்த ஆளுக்குத்தான் தெரியவில்லை.

கச்சேரியில் அவன் வாசிப்பு வேறாகிப் போனது. இரண்டு பேர் உட்கார்ந்து வாசிப்பதைப் போல இருந்தது, இரண்டு பேர்தானே வாசித்தார்கள். தென்காசியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் டிரம்ஸ்காரர்கள் வந்து மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். ஆனால் ஜனங்கள் கேட்டது வேறு. தசரா அன்றைக்கு வந்த அந்த மூன்றடியைக் கேட்டார்கள். அதற்குள் அது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனில் அடித்தான், இஸ்திரி போடுகிறவன் பெட்டியால் தட்டினான், கொடை விழாவில் மேளக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டில் அடித்து அடி வாங்கினார்கள். சௌந்தரிகூட ஹாஸ்டலில் துணி துவைக்கும்போது கை தானாக அதைத்தான் தட்டுகிறது என்று போனில் சொல்லிச் சிரித்தாளாம். சொர்ணவேல் இதை என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

சின்னவர் அந்த மூன்றடியை மட்டும் வாசிக்கவில்லை. மற்ற எல்லாம் வாசிப்பார், அந்த இடம் வந்ததும் குச்சியைக் கீழே வைத்துவிடுவார். மாலை போட்டுக் கேட்டார்கள், வைத்துவிட்டார். ஊர்த் தலைவர் மைக்கில் வேண்டிக் கேட்டார், வைத்துவிட்டார். சின்னவருக்கு நம்மேல் ஏதோ கோபம் என்று ஊர் தனக்குள் பேசிக்கொண்டது. அந்த இடத்தில் நான் கீபோர்டில் பதிந்து வைத்திருந்த மூன்றடியைப் போட்டு ஒப்பேற்றினேன், ஜனங்கள் அதற்கும் ஆடினார்கள்.

ஆடி பிறந்ததும் சின்னவர் பள்ளிக்கூடம் போனார். அவரே கேட்டுத்தான் போனார். தொடக்கப்பள்ளிச் சுவரோரம் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்துச் சுவரில் கோடு கோடாகக் கிழித்தார், ரெஜினா டீச்சர் பார்த்துவிட்டு, படிக்க ஆசைப்படுதாரு என்றார். வயது என்ன போட என்று ஒரு யோசனை வந்தது. தனியாகி ஒரு மாதம், ஆனால் பார்த்தால் நாற்பத்தேழு. ஐந்து என்று போட்டுக்கொண்டார்கள். சொர்ணவேலை உள்ளே விட வழியில்லை, அவன் எட்டாவது படித்தவன், ஒன்றாம் வகுப்பில் உட்கார விதி இடம் கொடுக்கவில்லை. ஆகவே அவன் வெளியே புங்கமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கையை ஜன்னல் கம்பிக்குள் விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்திருப்பான். மழை வந்தால் வலக்கையில் குடை. உள்ளே சின்னவர் ஸ்லேட்டில் அ போடுவார், ஆ போடுவார். ஒன்றாம் வகுப்பு முழுக்க அவரோடு சேர்ந்து கத்தும். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கை அதிகம் என்று டீச்சர் சந்தோஷப்பட்டார்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் சொர்ணவேல் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஆடு, இலை எல்லாம் எழுத மாட்டேங்கு. முதல் வார்த்தையா உலகுன்னு எழுதிருக்கு."

உலகு என்றுதான் அவன் பெண்டாட்டியைக் கூப்பிடுவான்.

"எழுதட்டுமே," என்றேன்.

"எல்லாத்தையும் எழுதிரும் தங்கதுரை. அடுத்த மாசம் வருஷத் திதி. சௌந்தரி வருவா."

பயப்படுகிறவன் குரலாக இல்லை அது. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னான். பயமும் அவனுக்குத் தலைக்குள்தான் இருந்தது, உடம்புக்கு இறங்கவில்லை. மறுநாள் டீச்சரிடம் போய்ச் சின்னவரின் பெயரை எடுத்துவிடச் சொன்னான். படிக்கிறவர் அவர், நிற்பதாக இருந்தால் அவரே வந்து சொல்லட்டும் என்றார் டீச்சர். அவன் துண்டை எடுத்து இடக்கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தான். பத்து வீடு தாண்டுவதற்குள் பத்துப் பேர் மறித்தார்கள். சின்னவரை ஏன் கட்டிப் போட்டிருக்கீரு, அவர் யாருக்கு என்ன கெடுதல் செய்தாரு என்று கேட்டார்கள். முப்பிடாதி கல்லாவை விட்டு இறங்கி வந்து முடிச்சை அவிழ்த்தான்.

"அவரு உங்க கிட்ட இருக்காரே தவிர, உங்க ஆளு இல்லல்லா அண்ணாச்சி," என்றான்.

சொர்ணவேல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். அன்று சாயங்காலம் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டான். சௌந்தரி திரும்பக் கேட்டால், போன் பேக்கில் இருந்ததென்று நீயும் சொல் என்றான். சொல்கிறேன் என்றேன். ஒருமுறை தலையை ஆட்டியவனுக்கு இரண்டாம் முறை ஆட்டுவது பெரிய பாடு இல்லை.

திதி அன்று காலையில் ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். எல்லாம் வலக்கைதான் செய்தது. சின்னவர் முதுகுக்குப் பின்னால் போய் மடங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்று இருக்கும். உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். சொர்ணவேல், சௌந்தரி, நான், மூன்று பேர் மிச்சம். கூடத்தில் உலகம்மாளின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சௌந்தரி கைப்பையைத் திறந்து, நாலு கோடு போட்ட நோட்டு ஒன்றும் சீவிய பென்சில் ஒன்றும் எடுத்தாள். மாதாமாதம் வரும்போது சின்னவருக்கு நகம் வெட்டிவிடுவது அவள்தான். அவரோடு அவளுக்கு நல்ல பழக்கம்.

"சின்னவரே, எழுதப் படிக்கீங்களாமே. உங்களுக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்," என்றாள்.

சின்னவர் பென்சிலை எடுத்தார். சொர்ணவேல் வலக்கையைக் கொண்டுபோய் நோட்டின் மேல் விரித்து வைத்தான். பென்சில் பக்கத்திலேயே காத்திருந்தது, தள்ளவும் இல்லை, விலகவும் இல்லை.

"கைய எடுங்கப்பா. அவரு எழுதட்டும்."

அவன் மகளைப் பார்த்தான். அவள் ஒன்றும் அறியாமல் புன்னகையோடு இருந்தாள். அவன் கையை எடுத்தான்.

சின்னவர் ஒன்றாம் வகுப்பு எழுத்தில், கோட்டை விட்டு இறங்கியும் ஏறியும், ஒவ்வொரு புள்ளியையும் அழுத்தி வைத்து எழுதினார். போன் பேக்கில் இல்லை. சட்டையில் இருந்தது. அவள் கூப்பிட்டாள். நான் அடித்தேன்.

சௌந்தரி அதை ஒருமுறை படித்தாள். விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, சித்தப்பா என்றாள். பேக்கில்தான் இருந்தது என்று நான் சொல்லியிருக்கலாம், வாக்குக் கொடுத்திருந்தேன். என் தலை கவிழ்ந்துவிட்டது. எனக்கு அந்த நிமிஷத்தில் செத்துப்போக வேண்டும்போல இருந்தது.

"அந்த மூணடியா?" என்றாள் அப்பாவிடம். "ஊரே அடிக்கே, அதுவா?"

"அதான்."

"நல்லா இருந்துச்சா?"

எங்கே பார்த்துச் சொல்வதென்று அவன் தேடினான். "நல்லா இருந்துச்சு," என்றான். "நான் வாசிச்சதுலயே அதுதான் நல்லா இருந்துச்சு."

அவள் எழுந்து உள்ளே போனாள். இனி வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். அவனும் அதைத்தான் நினைத்திருப்பான், அவள் போக வழி விட்டுக் காலை மடக்கிக்கொண்டான். அவள் அம்மாவின் பழைய போனை எடுத்து வந்தாள். தேய்ந்த பித்தான்களை அமுக்கி அமுக்கி ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"ஏழு நாப்பத்திரெண்டு. ஏழு நாப்பத்திநாலு. ஏழு அம்பத்தொண்ணு. மூணு தடவை கூப்பிட்டிருக்கா. எனக்கு இந்த நேரம் மட்டுந்தான் தெரியும், ஒரு வருஷமா இதையே பாத்துக்கிட்டு இருக்கேன்." அவள் அப்பாவிடம் பேசவில்லை. கீழே உட்கார்ந்து, அந்தக் கையின் மணிக்கட்டைத் தொட்டுச் சொன்னாள். "சின்னவரே, அடிங்க. அம்மா எப்படிக் கூப்பிட்டாளோ, அப்படி."

சின்னவர் பென்சிலை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மரப்பெட்டியின் மேல் விரல்களை ஊன்றி அடிக்க ஆரம்பித்தார்.

தெரு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். இஸ்திரிக்காரன் பெட்டியை நிறுத்தினான். சின்னவருக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, மூன்றடி வாசிக்கிறார் என்று ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, வாசல் நிறைய ஆட்கள் கூடிவிட்டார்கள். முப்பிடாதி ஈரக் கையோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றான். சிலர் தொடையில் தாளம் போட்டார்கள். முக்கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அடி நின்றது. வாசலில் இரண்டு கைகள் மட்டும் தட்டிக்கொண்டே போய், தனியாக இருப்பது தெரிந்து நின்றன. கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மறுபடி அடித்தார், அதே அளவு, அதே வேகம். நின்றது.

பிறகு ஒன்றும் இல்லை. விரல்கள் பெட்டியின் மேல் ஊன்றியபடி இருந்தன. சௌந்தரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. முதல் நிமிஷத்தில் வாசலில் யாரோ என்னாச்சு என்றார்கள். இரண்டாம் நிமிஷத்தில் ஒரு குழந்தை அழுதது, அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குள் ஒரு மனுஷி தனியாக உட்கார்ந்து, கூப்பிட்டுப் பார்த்து, எடுப்பான் என்று காத்து, மறுபடி கூப்பிட்டு, பிறகு எதற்காகவோ ஏழு நிமிஷம் கூப்பிடாமலே இருந்திருக்கிறாள். தண்ணீர் குடிக்க எழுந்தாளோ, எழ முடியாமல் இருந்தாளோ, வேலையாக இருப்பான், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தாளோ. நான் அந்த நேரத்தில் என்ன வாசித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, ஞாபகம் வராமல் இருந்திருக்கலாம்.

நான்காம் நிமிஷத்தில் சொர்ணவேலின் வலது கால் நின்றது. உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு கணக்கைத் தட்டிக்கொண்டே இருக்கும் கால் அது, தூக்கத்திலும் நிற்காது என்று உலகம்மாள் கேலி செய்வாள். ஐந்தாம் நிமிஷத்தில் அவன் எழுந்தான். வாசலுக்கு வந்து, செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான்.

"எங்கப்பா போறீங்க?"

"வீட்டுக்குப் போணும்," என்றான்.

வீட்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தான். வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்கள். அவன் நிலைப்படியைத் தாண்டவில்லை, செருப்புப் போட்ட காலோடு அங்கேயே நின்றான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. சௌந்தரி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

இடக்கை உயர்ந்து கதவுப் பலகையில் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு.

நாங்கள் காத்திருந்தோம். அதற்கப்புறம் வருவது என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒரு வருஷமாக அடித்திருக்கிறோம். வரவில்லை. மூன்றாம் தடவை உலகம்மாள் கூப்பிட்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மேடையில் அவனாகச் சேர்த்தது, அதற்குத்தான் கூட்டம் எழுந்து ஆடியது. முப்பிடாதி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

சொர்ணவேல் கதவில் சாய்ந்தான். அவன் தோள் குலுங்கியது, அடிவயிற்றிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது.

"கை வலிக்கு, தாயி," என்றான்.

எந்தக் கை என்று சௌந்தரி கேட்கவில்லை.